மெய்நிகர் விளையாட்டுக் கூடங்கள்: கண்ணாடிக்குள் அதிசயம், கணக்கில் சங்கடம்

பேரங்காடிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு விஆர் எனப்படும் மெய்நிகர் விளையாட்டுக் கூடங்கள் இப்போது புதிதல்ல. தலையில் கண்ணாடியும் முதுகில் கணினியும் மாட்டிக்கொண்டு நாலைந்து பேர் ஒன்றாக உள்ளே போகிறார்கள். அரை மணி நேரத்தில் வியர்த்து, சிரித்தபடி வெளியே வருகிறார்கள். பார்ப்பவர்களுக்குப் பணம் கொழிக்கும் தொழிலாகத் தெரியும். ஆனால், இத்துறையில் உலகமே வியந்து பார்த்த ஒரு நிறுவனம் சில ஆண்டுகளிலேயே கதவடைத்தது. அதன் கூடம் நம் கெந்திங் மலையிலும் இருந்தது.

அந்நிறுவனத்தின் பெயர் 'தி வாய்ட்'. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கென் பிரெட்ஷ்னைடர், கர்டிஸ் ஹிக்மன், ஜேம்ஸ் ஜென்சன் ஆகியோர் தொடங்கியது. வீட்டில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டுக்கும் இவர்களுடையதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கண்ணாடிக்குள் ஒரு சுவர் தெரிந்தால், கையை நீட்டும் இடத்தில் உண்மையிலேயே சுவர் இருக்கும். திரையில் நெருப்பு எரிந்தால் உடலில் வெப்பம் படும். காற்று வீசும், வாசனையும் வரும். சுடப்பட்டால் மேலங்கி அதிரும்.

2016இல் நியூயார்க்கில் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' விளையாட்டுடன் இவர்கள் மக்களை ஈர்த்தார்கள். 2017 இறுதியில் டிஸ்னியின் 'ஸ்டார் வார்ஸ்' கதைமாந்தர்களும் வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டின் இறுதியையொட்டி கெந்திங்கிலும் கூடம் தோன்றியது. 2020 மார்ச்சில் கோவிட்-19 தொற்றால் எல்லாக் கிளைகளும் மூடப்பட்டன. அதே ஆண்டில் டிஸ்னியின் உரிமமும் கைவிட்டுப் போனது. கடனைச் சமாளிக்க முடியாமல் நிறுவனத்தின் சொத்துகள் கைமாறின.

தொற்று மட்டும்தான் காரணமா?

நோய்த்தொற்று கடைசி அடி. அடித்தளம் முன்பே பலவீனமாக இருந்தது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது விளங்கும். நான்கு பேர் கொண்ட குழு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே போவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 24 பேர். பத்து மணி நேரம் இடைவெளியே இல்லாமல் ஓடினாலும் நாளுக்கு 240 பேர்தான். 200 இருக்கைகள் கொண்ட ஒரு திரையரங்கு ஏறக்குறைய அத்தனை பேரை ஒரே காட்சியில் உட்கார வைத்துவிடும்.

அந்த 240 பேரும் தினமும் வரமாட்டார்கள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறையில் வரிசை நீளும். செவ்வாய்க்கிழமை காலையில் கூடம் காலியாகக் கிடக்கும். வாடகையோ இரண்டு நாளுக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு குழுவுக்கும் கருவியை மாட்டிவிட, கழற்ற, துடைத்து வைக்க ஆள் வேண்டும். கருவிகளும் விரைவில் பழசாகின்றன. 2016இல் வந்த ஒக்குலஸ் ரிஃப்ட் கண்ணாடி, 2019இலேயே அடுத்த வகைக்கு வழிவிட்டது.

இரண்டாவது சிக்கல், இரவல் கதை. 'ஸ்டார் வார்ஸ்' என்ற பெயர் கூட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பெயர் டிஸ்னிக்குச் சொந்தம். உரிமம் போனால் கூட்டமும் போகும். இந்தப் பாடம் கெந்திங்கிற்கும் புதிதல்ல. ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் அமையவிருந்த அதன் வெளிப்புறக் கேளிக்கைப் பூங்கா, 2018இல் நீதிமன்ற வழக்கு வரை போனது. மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. 2022 பிப்ரவரியில் 'கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்' என்ற வேறு பெயரில்தான் அது கதவைத் திறந்தது. பெரிய குழுமம் தாங்கிக்கொண்டது. சிறிய நிறுவனத்தால் முடியவில்லை.

தப்பிப் பிழைத்தவர்

ஹாங்காங்கில் ஸ்டீவ் ஜாவ் தொடங்கிய 'சாண்ட்பாக்ஸ் விஆர்' சிங்கப்பூரிலும் கிளை திறந்தது. 2019இல் 6 கோடியே 80 லட்சம் அமெரிக்க டாலர் முதலீடு திரட்டியது. மறு ஆண்டே அதுவும் திவால் பாதுகாப்பு கோரியது. ஆனால் மீண்டு வந்தது.

வேறுபாடு கூடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 'தி வாய்ட்' ஒவ்வொரு கதைக்கும் சுவரும் மேடையும் கட்டியது. கதையை மாற்ற வேண்டுமானால் கட்டடத்தையும் மாற்ற வேண்டும். சாண்ட்பாக்ஸின் அறையோ காலியானது. மென்பொருளை மாற்றினால், அதே அறையில் காலையில் ஒரு விளையாட்டு, மாலையில் வேறொன்று. பல விளையாட்டுகளை அவர்களே உருவாக்கினார்கள். பிறகுதான் 'ஸ்குவிட் கேம்' போன்ற புகழ்பெற்ற பெயர்களை அதிகம் சேர்த்தார்கள். ஓர் உரிமம் போனாலும் கடை மூடாது.

நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது

தெக்குன் ஸ்பூமி போன்ற கடனுதவியோடு தொழில் தொடங்க நினைக்கும் இந்திய இளைஞர்களுக்கு உணவகம், முடிதிருத்தகம் தாண்டிப் புதுத் துறைகள் மீது ஆர்வம் வந்திருப்பது நல்ல செய்தி. ஆனால், பேரங்காடியில் இத்தகைய கூடம் திறக்கக் கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகள் கேட்பது நலம். வாடகை நிலையானதா, விற்பனையில் பங்கா? விளையாட்டின் உரிமம் யாரிடம், எத்தனை ஆண்டுகளுக்கு? கருவி பழசானால் மாற்றும் செலவு யாருடையது? வார நாள்களில் யார் வருவார்கள்? கடைசிக் கேள்விக்குப் பள்ளிக் குழுக்கள், நிறுவனக் குழுக்கள் என்று உறுதியான பதில் இல்லாவிட்டால், கடன் தவணை சேமிப்பைத் தின்றுவிடும். தோட்டத்தை விட்டு வந்து பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாக இருந்தால், இழப்பு ஒரு குடும்பத்தோடு நிற்காது.

கூடம் நடத்துவது மட்டுமே இத்துறையில் உள்ள வாய்ப்பு அல்ல. 'ட்ரீம்ஸ்கேப்' என்ற மற்றொரு பொழுதுபோக்கு நிறுவனம், 2020இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் கைகோத்து, அதே நுட்பத்தை உயிரியல் பாடம் நடத்தத் திருப்பியது. தீயணைப்புப் பயிற்சி, தொழிற்சாலைப் பாதுகாப்பு, அறுவை சிகிச்சைப் பயிற்சி என எல்லாவற்றிலும் முப்பரிமாணக் காட்சி அமைப்பவர்களும் நிரலாளர்களும் தேவைப்படுகிறார்கள். ஒரு கூடம் மூடப்பட்டால் அதன் முதலாளிக்கு மிஞ்சுவது கடன். அங்கு விளையாட்டை வடிவமைத்தவருக்கு அடுத்த வேலை வேறோர் இடத்தில் காத்திருக்கும்.

எஸ்பிஎம் முடித்துவிட்டு, "கேம் படிக்கப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால், விளையாட்டுப் பேச்சு என்று பெற்றோர் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எந்தக் கல்லூரி, எந்த மென்பொருள், படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று உடன் அமர்ந்து விசாரிப்பதே இப்போது அவர்கள் செய்யக்கூடிய முதலீடு.