அரட்டைத் தளம் இலவசம். சாவி யார் கையில்?

குபெர்னெட்டீஸ் என்பது உலகின் பெரிய கணினிச் சேவைகள் பலவற்றை இயக்க உதவும் திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். பல நாட்டு நிரலர்கள் சேர்ந்து அதை வளர்க்கின்றனர். ஆனால் அவர்கள் கூடிப் பேசும் இடமோ ஸ்லாக் என்ற தனியார் அரட்டைத் தளம்.

கடந்த 2025 ஜூன் நடுப்பகுதியில் அந்தச் சமூகத்துக்கு ஓர் அதிர்ச்சி. இதுவரை கட்டணமின்றிக் கிடைத்த சிறப்புச் சலுகை ஜூன் 20-ஆம் தேதியோடு முடிகிறது, இனி சாதாரண இலவசக் கணக்குதான் என்று தெரியவந்தது. இலவசக் கணக்கில் 90 நாட்களுக்கு முந்தைய பேச்சைப் பார்க்க முடியாது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த கேள்வி பதில்கள் எல்லாம் கண்ணுக்கு எட்டாமல் போகும். திருவிழாக் கணக்கைப் புலனக் குழுவில் போட்டுவிட்டு, கைப்பேசி மாறியபின் தேடி அலைந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

டிஸ்கார்டுக்கு மாறலாம் என்ற பேச்சும் எழுந்தது. சில நாட்களிலேயே ஸ்லாக்கின் உரிமையாளரான சேல்ஸ்ஃபோர்ஸ் முடிவை மாற்றிக்கொண்டதால் சலுகை தப்பியது. ஆனால் டிஸ்கார்டும் தனியார் தளம்தான். அங்கு போயிருந்தாலும் வீட்டுக்காரர் மாறியிருப்பாரே தவிர, குடியிருப்பவர் நிலை மாறியிருக்காது.

தன்னார்வலர்களே நடத்தினால் கவலையில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1988-இல் பின்லாந்தில் பிறந்த ஐ.ஆர்.சி. என்ற பழைய அரட்டை முறையில், ஃப்ரீநோட் என்ற வலையமைப்பு பல திறந்த மூலத் திட்டங்களுக்குத் தாய்வீடாக இருந்தது. அதன் உரிமை யாருக்கு என்ற தகராறில் 2021 மே 19-ஆம் தேதி தன்னார்வலர்கள் கூட்டாக விலகி, அன்றே லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினர். உபுண்டு, விக்கிமீடியா போன்ற சமூகங்களும் அங்கே சென்றன. அடுத்த மாதம் ஃப்ரீநோட் வேறு மென்பொருளுக்கு மாறியபோது பழைய பயனர் பதிவுகள் அழிந்தன. உழைத்தவர்கள் ஒரு பக்கம், பெயரும் உரிமையும் இன்னொரு பக்கம் என்று இருந்ததன் விளைவு இது.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா இதில் நிதானமாக நடந்துகொண்டது. ஐ.ஆர்.சி.யில் தொல்லை தருபவர்களைத் தடுப்பது கடினம், புதியவர்கள் நுழைவதும் கடினம் என்பதால் வேறு இடம் தேடியது. 2019-இல் நான்கு தளங்களைச் சோதித்து, மேட்ரிக்ஸைத் தேர்ந்தெடுத்தது. பழைய ஐ.ஆர்.சி. சேவையை 2020 மார்ச்சில் மூடியது. மேட்ரிக்ஸ் ஏறத்தாழ மின்னஞ்சல் போன்றது. யாரும் சொந்தமாகச் சர்வர் வைக்கலாம். வேறு சர்வரில் இருப்பவருடனும் பேசலாம். மொசில்லாகூட சர்வரைப் பராமரிக்கும் வேலையை ஒரு நிறுவனத்திடம்தான் ஒப்படைத்தது.

அதற்குக் காரணம் உண்டு. சர்வர் நள்ளிரவில் படுத்துவிட்டால் யாராவது எழுந்து பார்க்க வேண்டும். சிறிய திட்டங்களில் அந்த ஆள் பெரும்பாலும் ஒருவரே. காலையில் அவருக்கு வேறு வேலை இருக்கும். 2025 செப்டம்பரில் மேட்ரிக்ஸின் பெரிய பொதுச் சர்வரே பழுதாகி ஏறத்தாழ ஒரு நாள் முடங்கியது. அதிலேயே கணக்கு வைத்திருந்தவர்கள் காத்திருந்தனர். சொந்தச் சர்வர் வைத்திருந்த சமூகங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன.