லேப்டாப் தூங்கட்டும், காது விழித்திருக்கட்டும்!

பிள்ளையார்பட்டியில் வீடு. பிள்ளைகள் இருப்பது சிங்கப்பூரில். இப்படிப்பட்ட குடும்பங்கள் செட்டிநாட்டில் ஏராளம்.

அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். இந்தக் காலத்தில் விமானம் ஏறுகிறார்கள். வீடும் வீட்டுக் கணக்கும் மட்டும் ஊரிலேயே இருக்கின்றன.

முன்பு அந்தக் கணக்கு பெட்டகத்தில் இருந்தது. இப்போது லேப்டாப்பில் இருக்கிறது. பத்திரத்தின் நகல், பட்டா, வரி ரசீது, கலியாணப் படம் எல்லாம் அதற்குள்ளேதான்.

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ஒரு பத்திர நகல் அவசரமாகத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்கிறார்? ஊருக்குப் போன் போடுகிறார்.

"அப்பச்சி! உள்ளறைக்குப் போய் லேப்டாப் பொத்தானைக் கொஞ்சம் அமுக்குங்களேன்!"

அப்பச்சிக்கு வயது எழுபதுக்கு மேல். முழங்கால் வலி. கண்ணாடியைத் தேடி எடுத்து, பொத்தானைத் தேடி அமுக்குவதற்குள் அரை மணி ஆகிவிடுகிறது. "அது இல்லை, அப்பச்சி! பக்கத்துப் பொத்தான்!" என்று மகன் அங்கிருந்து சத்தம் போடுகிறார். பெற்றவருக்கும் வருத்தம். பிள்ளைக்கும் வருத்தம்.

இதற்குப் பயந்து சிலர் லேப்டாப்பை அணைப்பதே இல்லை. இரவும் பகலும் ஓடவிடுகிறார்கள். 20 வாட் மின்சாரம் இழுக்கிறது என்றால், 60 நாளில் ஏறக்குறைய 29 யூனிட் வீண். ஓயாத சூட்டில் பேட்டரியும் சீக்கிரம் கெடும்.

இரண்டுமே வேண்டாம் என்கிறேன். தூங்கும் லேப்டாப்பைத் தூரத்திலிருந்தே எழுப்பலாம். ஆனால், ஊரில் இருக்கும்போதே அதற்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

16 முறை கூப்பிடுவது

இந்த ஏற்பாட்டுக்கு "வேக் ஆன் லேன்" என்று பெயர். கம்பி வழியாகக் கூப்பிட்டு எழுப்புவது என்று அர்த்தம். கூப்பிடும் செய்திக்கு "மேஜிக் பாக்கெட்" என்று பெயர். அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1995-ல் இதைப் பற்றி விளக்கம் வெளியிட்டது. பெரிய அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களை, ஊழியர்கள் வீட்டுக்குப் போன பிறகு எழுப்பி வேலை வாங்க இது உதவியது.

எப்படி எழுப்புகிறது?

கம்ப்யூட்டர் தூங்கினாலும், கம்பி செருகும் இடத்தில் உள்ள சிறு பகுதி மட்டும் விழித்திருக்கும். அதுதான் காது. ஒவ்வொரு காதுக்கும் ஒரு தனி எண் உண்டு. அதை "மாக்" முகவரி என்கிறார்கள். கூப்பிடும் செய்தியில் முதலில் ஒரு கூவல். பிறகு அந்த முகவரி 16 முறை வரும்.

பிள்ளையாருக்கு 16 திருநாமங்கள் சொல்லி அருச்சனை செய்வது உண்டு. இங்கே ஒரே நாமத்தை 16 முறை சொல்லுகிறார்கள். ஏன் 16 முறை? வேறு ஏதோ செய்தியைத் தன்னை அழைக்கும் குரல் என்று லேப்டாப் தவறாக நினைத்து எழுந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான்.

குறை எங்கே?

"எல்லாம் செய்தேன், எழுந்திருக்கவில்லை" என்று பலர் சொல்லுகிறார்கள். "போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால் அதையும் நம்பிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள்!

மேஜைக் கம்ப்யூட்டர் எப்போதும் மின்சாரத்தோடு இணைந்திருப்பது. லேப்டாப் அப்படி அல்ல. அது பேட்டரியை நம்பி வாழ்வது. பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக, தூங்கும்போது காதையும் மூடிக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள். ஆகவே, எழுந்திருக்காத லேப்டாப் எல்லாம் பழுதான லேப்டாப் அல்ல. காது எந்த இடத்தில் மூடியிருக்கிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் விளக்கைப் பாருங்கள்

சார்ஜரைச் செருகுங்கள். கம்பியைச் செருகுங்கள். லேப்டாப்பை அணையுங்கள். இப்போது கம்பி செருகிய இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? அங்கே விளக்கு இல்லாவிட்டால், கம்பியின் மறுமுனையில் ரவுட்டரைப் பாருங்கள்.

எரிந்தால், காதுக்கு உயிர் இருக்கிறது. எரியாவிட்டால், காதுக்கு மின்சாரம் போகவில்லை. பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் பயன் இல்லை.

பல லேப்டாப்கள் சார்ஜர் செருகியிருந்தால்தான் காது கொடுக்கும். இடி மின்னலுக்குப் பயந்து ஆத்தா சுவிட்சை அணைத்திருப்பார். அது நியாயமான பயம். அந்த நேரத்தில் லேப்டாப் எழாது என்பதை மகன்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கம்பி எதில் செருகியிருக்கிறது?

செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிறவை. சுவர்கள் கனமானவை. முகப்பில் இருக்கும் ரவுட்டரின் வைஃபை, வளவு தாண்டி உள்ளறைக்குப் போவதற்குள் மெலிந்துவிடும். அதனால்தான் கம்பி இழுக்கிறார்கள். எழுப்பும் வேலைக்கும் கம்பியே நல்லது.

ஆனால், மெல்லிய புது லேப்டாப்கள் பலவற்றில் கம்பி செருக இடமே இல்லை. யு.எஸ்.பி. துளையில் ஒரு சின்ன இணைப்பானை மாட்டி அதில் செருகுகிறார்கள். லேப்டாப் அணைந்ததும் பெரும்பாலும் அந்தத் துளைக்கு மின்சாரம் நின்றுவிடும். இணைப்பான் செத்துவிடும். தூக்க நிலையில் மட்டும் சிலவற்றில் வேலை செய்யும். இது பழுது அல்ல, அமைப்பே அப்படி.

மூன்று பூட்டுகள்

விளக்கு எரியவில்லையா? எரிந்தும் எழவில்லையா? மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, பயாஸ். லேப்டாப்பைப் போட்டவுடன் எஃப்2 அல்லது எஃப்10 போன்ற ஒரு பொத்தானை அமுக்கினால் இந்தப் பக்கம் வரும். எந்தப் பொத்தான் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கே "வேக் ஆன் லேன்" என்று இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். "டீப் ஸ்லீப்" என்று ஒன்று இருந்தால் அதை நிறுத்துங்கள். ஆழ்ந்து தூங்குகிறவனுக்குக் காது கேட்காது!

இரண்டு, விண்டோஸ். "டிவைஸ் மேனேஜர்" பகுதியில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, மின்சாரம் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டரை எழுப்ப இந்தக் கருவிக்கு அனுமதி உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் போடுங்கள். மேஜிக் பாக்கெட்டுக்கு மட்டும் எழவேண்டும் என்ற கட்டத்திலும் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் கண்ட செய்திக்கெல்லாம் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று, "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்". பலரை ஏமாற்றுவது இதுதான். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது இதுவும் வந்தது. லேப்டாப் சீக்கிரம் தொடங்குவதற்காக, அணைக்கும்போது பாதி நினைவை எழுதி வைத்துக்கொள்ளும். இப்படி அணைத்த கம்ப்யூட்டரைக் கம்பி வழியாக எழுப்ப விண்டோஸ் இடம் கொடுப்பதில்லை. இதை நிறுத்திவிடுங்கள். அல்லது "ஷட் டவுன்" செய்யாமல் "ஸ்லீப்" செய்யுங்கள்.

இன்னொன்று. லேப்டாப்பில் வைஃபைக்கு ஒரு முகவரி. கம்பிக்கு வேறு முகவரி. வைஃபையின் முகவரியைக் குறித்துக்கொண்டு கம்பியில் கூப்பிட்டால் யார் எழுவார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி நம் வீட்டுக் கதவைத் தட்டுவது போலத்தான்!

வீட்டில் எழுகிறது, வெளிநாட்டிலிருந்து எழவில்லை

வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால் எழுகிறது. சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டால் எழவில்லை. ஏன்?

இந்தக் கூவல் வீட்டுக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி போடுவது. வெளியிலிருந்து வரும் அப்படிப்பட்ட கூவலை ரவுட்டர் வாசலிலேயே நிறுத்திவிடும். அணைத்த சில நிமிடங்கள் வரை எழுந்து, பிறகு எழாமல் போவதும் உண்டு. தூங்கும் லேப்டாப் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை ரவுட்டர் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவதே காரணம்.

இதற்காக ரவுட்டரில் வாசலைத் திறந்து வைக்கச் சிலர் யோசனை சொல்லுகிறார்கள். கேட்காதீர்கள்! எழுப்பும் செய்திக்குப் பெரும்பாலும் கடவுச்சொல் கிடையாது. திறந்த வாசலில் யாரும் வந்து தட்டலாம். உள்ளே இருப்பது உங்கள் வீட்டுப் பத்திரம்.

நல்ல வழி இது. வீட்டுக்குள் எப்போதும் விழித்திருக்கும் ஒரு சின்னக் கருவி வேண்டும். சில ரவுட்டர்களே அந்த வேலையைச் செய்யும். வி.பி.என். என்னும் பூட்டிய பாதை வழியாக அந்தக் கருவிக்கு வந்து, அங்கிருந்து கூப்பிட வேண்டும். வீட்டுக் காவல்காரரிடம் சொல்லி ஆளை எழுப்புவது போல.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

லேப்டாப் விற்கும்போது எடை சொல்லுகிறீர்கள். நிறம் சொல்லுகிறீர்கள். கம்பி செருக இடம் உண்டா, கம்பி வழியாக எழுமா, சார்ஜர் இல்லாமல் எழுமா என்று சொல்லுவதில்லை. இதையும் பெட்டியின் மேல் அச்சடிக்க வேண்டும். சாதாரண மக்கள் படிக்கும் எழுத்தில் அச்சடிக்க வேண்டும்.

வாங்குகிறவர்களும் கேட்க வேண்டும். கேட்டு வாங்கினால் பின்னால் அலைய வேண்டியதில்லை. எழாத லேப்டாப்தான் வீட்டில் இருக்கிறது என்றால், அதோடு போராட வேண்டாம். கம்பித் துளை உள்ள ஒரு பழைய மேஜைக் கம்ப்யூட்டரே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஊருக்குப் புறப்படுமுன்

விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளைகளே! பெட்டி கட்டுவதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள்.

லேப்டாப்பைத் தூங்க வைத்துக் கூப்பிடுங்கள்.

முழுக்க அணைத்து, ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள்.

அணைத்த லேப்டாப்பின் சுவிட்சை நிறுத்தி, மறுபடி போட்டுக் கூப்பிடுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு சில லேப்டாப்கள் காதை மூடிக்கொள்ளும். அதை ஊரில் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்று முறையும் உங்கள் போனில் வைஃபையை நிறுத்திவிட்டு, வெளியூரிலிருந்து கூப்பிடுவது போலவே கூப்பிடுங்கள்.

மூன்றிலும் எழுந்ததா? கவலையில்லாமல் புறப்படுங்கள். பிறகு அப்பச்சிக்குப் போன் போடும்போது பொத்தானைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

"சாப்பிட்டீர்களா? முழங்கால் வலி எப்படி?" என்று கேட்கலாம்.