கத்துக்குட்டி: அப்பத்தா காதும் என் ஏர்பிரஷ்ஷும்!

போன வருஷம் அப்பத்தா இறந்தபோது, பதினாறாம் நாள் படத்திறப்புக்கு போட்டோ கேட்டார்கள். வீட்டையே கவிழ்த்துத் தேடியும் கிடைத்தது இரண்டுதான். ஒன்று ஆதார் அட்டை. (அதைப் பற்றிப் பேச வேண்டாம். உங்கள் அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், புரியும்.) இன்னொன்று சித்தப்பா கல்யாண குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். முகம் என் கட்டைவிரல் நக அளவு.

குடும்பத்தில் 'கம்ப்யூட்டர்ல வேலை பாக்குற புள்ள' நான்தான் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. போட்டோவை ஒரு ஏ.ஐ ஆப்பில் போட்டேன். பத்து நொடியில் பளிச்சென்று ஒரு பாட்டி வந்தார். நல்ல அழகான பாட்டி. ஆனால் எங்கள் அப்பத்தா இல்லை. கன்னத்துச் சுருக்கம் போயிருந்தது. மூக்கோரத்து மரு போயிருந்தது. எல்லாவற்றையும்விட, காது போயிருந்தது.

அப்பத்தா காது வளர்த்தவர். தண்டட்டி போட்டுப் போட்டு, கிட்டத்தட்ட தோளைத் தொடும் காது. மதுரைப் பக்கம் அந்த வயதுப் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆப்புக்கு அப்படி ஒரு காது உலகத்தில் உண்டு என்பதே தெரியாது போல. அதுவாக ஒரு சின்னக் காதைச் செய்து, அதில் ஒரு கம்மலையும் மாட்டிவிட்டிருந்தது!

வேறு வழியில்லாமல் அதையே பிரேம் போட்டு மாட்டினோம். மாலை போட வந்த பெரியத்தை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இது யாரு பாப்பா? எங்க ஆத்தா படம் எங்க?"

அந்தக் கேள்விதான் என்னை ஏர்பிரஷ் பக்கம் தள்ளியது.

ஆபீஸில் சீனியர் போட்டோகிராபர் ஒருவரிடம் இதைப் புலம்பியபோது, "அந்தக் காலத்துல குரூப் போட்டோல இருந்து ஒரு முகத்தை மட்டும் பெருசு பண்ணி, ஏர்பிரஷ்ல பினிஷிங் பண்ணிக் கொடுப்பாங்க. பாதி வீட்டுல மாட்டியிருக்கிற தாத்தா பாட்டி படம் அப்படி வந்ததுதான்" என்றார். ஸ்டுடியோக்களுக்கு அந்த வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் திருவல்லிக்கேணியில் இருப்பதாக நம்பரும் கொடுத்தார்.

ஏர்பிரஷ் பிறந்ததே இதற்குத்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1870-களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் என்பவர் காற்றால் வண்ணம் தெளிக்கும் ஒரு கருவியை உருவாக்கினார். அதை வாங்கி மேம்படுத்திய லிபர்ட்டி வாக்கப், 1883-ல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் கம்பெனியே தொடங்கினார். போட்டோக்களுக்கு வண்ணம் ஏற்றுவதும் குறைகளைச் சரிசெய்வதும்தான் அன்றைக்கு அதன் பெரிய வேலை. அதாவது, இன்று நம் போனில் இருக்கும் பியூட்டி ஃபில்டருக்கு எள்ளுத் தாத்தா!

மாஸ்டருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. "முகம் வரையணும்னு வந்திருக்கே. மூணு மாசத்துக்கு முகத்தைப் பத்திப் பேசக்கூடாது" என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம்.

மூன்று மாதமும் புள்ளி வைத்தேன். நிஜமாகவே புள்ளிதான். நம் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றைப் பிரித்து, கட்டம் போட்டு, கோடுகள் வெட்டும் இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி. மார்கழிக் கோலத்துக்குக்கூட நான் இவ்வளவு வைத்ததில்லை. (ஆசிரியர் குழு மன்னிக்கவும், உங்கள் தலையங்கத்தின் மீதும் வைத்தேன்.)

பேனா மாதிரி பிடிக்கும் கருவி இது. மேலே சின்னதாக ஒரு கலர் கிண்ணம், உள்ளே ஊசி, ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை. விசையை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் கலர் வரும். இதற்கு 'டபுள் ஆக்‌ஷன்' என்று பெயர். தொடங்கும்போது காற்று முதலில், கலர் பிறகு. முடிக்கும்போது கலரை முதலில் நிறுத்திவிட்டு, பிறகுதான் காற்றை விட வேண்டும். மாற்றிச் செய்தால் ஊசி முனையில் தங்கிய கலர், அடுத்த தடவை அழுத்தும்போது 'பிச்' என்று துப்பும். எனக்குத் துப்பாத நாளே இல்லை.

கிட்டே பிடித்தால் மெல்லிய கோடு, தள்ளிப் பிடித்தால் பரவலான மென்மை. கிட்டேயும் பிடித்து, கலரையும் அதிகமாக இழுத்தால் பேப்பரில் சிலந்தி கால் நீட்டியது மாதிரி கலர் நாலாபுறமும் ஓடும். முதல் மாதம் என் நோட்டு முழுக்கச் சிலந்திகள்தான்.

வீட்டில் பழக ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன். 0.3 மில்லிமீட்டர் ஊசி உள்ள ஏர்பிரஷ், சின்ன கம்ப்ரஸர், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் இங்க். அந்த மாத ஸ்விகி, சினிமா எல்லாம் கட். கலரைப் பால் பதத்துக்குக் கரைக்கச் சொன்னார். "நீல பாக்கெட்டா, பச்சை பாக்கெட்டா மாஸ்டர்?" என்று கேட்டதற்கு முறைத்தார். ஆனால் அது நியாயமான கேள்விதான் மக்களே! நுணுக்கமான வேலைக்குக் கலர் நீர்த்தே இருக்க வேண்டும், காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ போதும். கெட்டியாக இருந்தால் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அக்ரிலிக்கில் இது நிமிஷத்துக்கு ஒருமுறை நடக்கும். ஈரமான பட்ஸால் முனையைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒருநாள் கழுவும்போது ஊசியைத் தரையில் போட்டுவிட்டேன். முனை கண்ணுக்கே தெரியாத அளவு வளைந்தது. அவ்வளவுதான், கோடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. புது ஊசி வரும்வரை பத்து நாள் சும்மா இருந்தேன். வாங்குபவர்கள் ஊசி ஒன்று கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். மாஸ்க்கையும் மறக்காதீர்கள். தண்ணீர்க் கலர்தானே என்று நான் அசட்டையாக இருந்தேன். ஒருநாள் மூக்கைச் சிந்தியபோது பழுப்பாக வந்தது. ஜன்னல் திறந்த அறையில்தான் அடிக்க வேண்டும்.

கம்ப்ரஸர் சத்தத்துக்கு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி இரண்டு முறை மாடியேறி வந்தார். "ராத்திரி பத்து மணிக்கு என்னம்மா கிரைண்டர் போடுறே?" என்று கேட்டார். மாஸ்டரிடம் சொன்னபோது சிரித்தார். அவர் கற்றுக்கொண்ட காலத்தில் கம்ப்ரஸர் வாங்க வழியில்லையாம். சைக்கிள் கடையில் லாரி ட்யூபில் காற்றடித்து உருட்டிக்கொண்டு வந்து, அந்தக் காற்றில் வேலை பார்ப்பாராம். காற்று தீர்வதற்குள் ஒரு கன்னத்தை முடித்துவிட வேண்டும்.

நான்காவது மாதம் முகத்துக்கு வந்தோம். குரூப் போட்டோவைப் பெரிதாக்கிப் பிரின்ட் எடுத்து, கட்டம் போட்டு, வழுவழுப்பான கெட்டி அட்டையில் பென்சிலால் லேசாக ஏற்றினேன். நக அளவு முகத்தைப் பெரிதாக்கினால் என்ன தெரியும்? மங்கல்தான் தெரியும். அதனால் பெரியத்தையை வீடியோ காலில் ஜன்னலோரம் உட்கார வைத்துக் கன்ன எலும்பைப் பார்த்துக்கொண்டேன். அவருக்கு அப்பத்தா தாடை. காதுக்கு ஊருக்கே போனேன். அப்பத்தாவின் தோழி ஒருவர் இன்னும் இருக்கிறார். "என் காத எதுக்குத்தா படம் புடிக்கிற?" என்று கூச்சப்பட்டாலும், தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

இங்கே ஒரு சிக்கல். இணையத்தில் நான் பார்த்த பாடங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலுக்கானவை. ரோஸில் தொடங்கி ரோஸில் முடியும். நம் ஊர்க் கறுப்புக்கு அது ஆகாது. நிழலுக்குக் கறுப்பை அடித்தேன், முகம் சாம்பல் பூசியது மாதிரி ஆனது. மாஸ்டர் கறுப்பு பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பர்ன்ட் சியன்னா, அதன்மேல் பர்ன்ட் அம்பர், ஆழமான இடத்தில் துளி ஊதா. இவ்வளவுதான். ஒவ்வொரு படலமும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், அடியில் இருப்பது தெரிய வேண்டும். வெளிச்சமான இடத்திலிருந்து இருட்டை நோக்கிப் போக வேண்டும், ஏனென்றால் இருட்டாக்கியதைத் திரும்ப வெளுப்பாக்குவது கஷ்டம்.

நான் கேட்பேனா? நெற்றிப் பளபளப்புக்காகப் பழுப்பின் மேல் வெள்ளையைத் தூவினேன். வெள்ளைத் துகள்கள் மெல்லிசாகப் படியும்போது கண்ணுக்கு நீலமாகத் தெரியும். அப்பத்தா காலண்டர் கிருஷ்ணர் ஆகிவிட்டார். அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன். வெள்ளையில் ஒரு துளி ஆரஞ்சு சேர்த்தால் அந்த நீலம் அடங்கும் என்பதை, தூக்கிப் போட்ட பிறகுதான் மாஸ்டர் சொன்னார்.

காதுக்கு வேறு வித்தை. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வளைவாக வெட்டி, அதை அட்டையின் மேல் படுக்க வைத்து அடித்தால் ஓரம் கத்தி மாதிரி வரும். சற்றே தூக்கிப் பிடித்து அடித்தால் ஓரம் மிருதுவாகும். காதின் துளை ஓரத்துக்கு முதல் வகை, மடல் தொங்கும் நிழலுக்கு இரண்டாவது. வெட்டிய ஃபிலிமில் யாருடைய விலா எலும்போ தெரிந்தது.

ஏர்பிரஷ்ஷில் பெரிய ஆபத்து என்ன தெரியுமா? சுகமாக இருக்கும். ஒரு வீச்சு, கன்னம் வழுவழு. இன்னொரு வீச்சு, நெற்றி வழுவழு. கை தானாகவே அழகாக்கிக்கொண்டே போகும். ஐந்தாவது மாதக் கடைசியில் நான் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டிய படத்தை மாஸ்டர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான்மா இருக்கு. ஆனா இந்தம்மா வெயில்லயே நின்னதில்ல போலயே?"

எனக்குச் சுருக்கென்றது. ஆப் செய்ததையே நானும் ஐந்து மாதம் உட்கார்ந்து, கையால் செய்திருந்தேன்.

ஸ்டுடியோ காலத்தில் சுருக்கத்தை எடுத்துவிடச் சொல்லித்தான் காசு கொடுப்பார்களாம். எடுத்தும் கொடுத்திருக்கிறார். "அப்போ பொழப்பு. கேட்டதைச் செஞ்சேன். நீ யாருக்குச் செய்யுறே?" என்றார்.

அடுத்த இரண்டு மாதம் சுருக்கங்கள் மட்டும். தடிமனாகத் தொடங்கி ஊசியாக முடியும் கோடு. எழுதும்போது சுலபமாக இருக்கிறது, கை வர நூறு தடவை ஆகும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் துளி வெளிச்சம். வெள்ளை முடிகளைப் பிளேடு முனையால் சுரண்டி எடுத்தேன். மருவை வைத்தேன். கண்ணைச் சுருக்கியது சுருக்கியபடியே விட்டேன்.

வருஷத் திதிக்கு முந்தைய நாள் ஊருக்குக் கொண்டுபோனேன். இடது கண் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. சேலை மடிப்பு அட்டை மாதிரி இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பெரியத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"ஆத்தா ஏன் இம்புட்டுக் கோவமா இருக்கு?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"அடுப்புல புகை அடிச்சா இப்படித்தான் பாக்கும்" என்று அவரே சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அப்பா எதுவும் சொல்லவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "சின்னதுல இந்தக் காது ஓட்டையில விரல விட்டுக்கிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அப்பா என்னிடம் இதைச் சொன்னதே இல்லை.

புது பிரேமுக்குக் காசு தர மட்டும் மறுத்துவிட்டார். பழைய பிரேமே போதுமாம். அளவு சரியாகத்தான் இருந்தது, பின்னால் அண்டக் கொடுக்க ஓர் அட்டைதான் தேவைப்பட்டது. ஆப் செய்த பாட்டியையே திருப்பிப் போட்டு வைத்துவிட்டோம்.