வற் இல்லாதவனின் பில்

உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

கல்கிசை,
2025 நவம்பர் 16

மதிப்பிற்குரிய ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

டொக்டர், எஞ்சினியர், கணக்காளர், சட்டத்தரணி என்ற வரிசையில் என் தொழிலையும் சேர்த்து எழுதியது, நான் கண்டவரையில், உங்கள் வரிச் சட்டம் ஒன்றுதான். தனித்துச் சேவை செய்கிறவருக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுப்பதானால் 5 வீதத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடு என்று 2023 ஜனவரியில் வந்த ஏற்பாட்டில், அவர்களுக்குப் பக்கத்தில் மென்பொருள் உருவாக்குநரும் நிற்கிறார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாத்தியே, கலியாணத் தரகர் ஒத்துக்கொள்ளாததைக் கவுண்மேந்து ஒத்துக்கொண்டிட்டுது" என்றா.

நான் பதினொரு வருடமாக வெப்சைட் செய்து பிழைக்கிறேன். கொம்பனி இல்லை, கூட வேலைக்கு ஆள் இல்லை. வாடகை வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு லப்டொப், கரன்ட் போனால் இருபது நிமிடம் தாங்கும் ஒரு யூபிஎஸ். இந்த வருடத்தின் இரண்டாம் தவணை வருமான வரிக்கு நேற்றுக் கடைசி நாள், வெள்ளிக்கிழமையே கட்டிவிட்டேன். வரியிலிருந்து தப்ப வழி தேடுகிறவனின் மடல் இதுவல்ல என்பதற்காக அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

காலி வீதிக் கடைகளில் என்னைக் கேட்கும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஒரு வெப்சைட் எவ்வளவு?" மீன் சந்தையில் பாரை என்ன விலை என்று கேட்கிற அதே தொனி. மீன்காரருக்காவது தலையும் முள்ளும் எவ்வளவு போகும் என்று தெரியும். எனக்கு அது பிடிபட நாலு வருடம் ஆயிற்று. சனி, ஞாயிறு, மாதாமாதம் வரும் போயா, மற்ற விடுமுறைகள் எல்லாம் கழித்தால் வருடத்தில் 240 நாள் தேறும். அதில் பாதி, காசு வராத வேலை: கொட்டேஷன் எழுதுவது, "நாளைக்குப் படம் அனுப்புறன்" என்றவருக்காக மூன்று கிழமை காத்திருப்பது, பாக்கிக்கு வட்ஸ்அப்பில் மரியாதையாக நச்சரிப்பது. ஆக 120 நாள் கூலியில் 365 நாள் சாப்பிட வேண்டும். சம்பளக்காரருக்கு முதலாளி சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போடுகிறார். என் முதலாளி நானே. அவர் இந்த விஷயத்தில் கொஞ்சம் கைக்கடி.

இதற்கு மேல் டொலர். ஹோஸ்டிங், சில மென்பொருட் சந்தாக்கள் எல்லாம் டொலரில்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டபோது, ஜனவரியில் கையெழுத்திட்ட மூன்று வேலைகள் என் மேசையில் கிடந்தன. சொன்ன விலைக்கே செய்துகொடுத்தேன். அதிலிருந்து என் கொட்டேஷனின் அடியில் ஒரு வரி நிரந்தரமாக இருக்கிறது: "இவ்விலை 14 நாட்களுக்கு மட்டும்."

இப்படியெல்லாம் கூட்டிக் கழித்து ஒரு விலை சொன்ன பிறகுதான், வற் என்று எல்லாரும் சொல்லும் பெறுமதி சேர் வரியோடு, உங்கள் துறை உள்ளே வருகிறது.

வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடை. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், இன்றும் என் வாடிக்கையாளர்கள். போன வருடம் அவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு வேலை முடித்து பில் கொண்டுபோனேன். கணக்குப் பார்க்கும் ஐயா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"தம்பி, வற் பில் இல்லையோ?"

"இல்லை ஐயா. நான் வற்றில பதியேல்லை. வருசத்துக்கு ஆறு கோடி புரண்டால்தான் பதியோணும்."

"ஆறு கோடியோ!" நன்றாகச் சிரித்தார். பிறகு கல்குலேற்றரை எடுத்தார். பெரிய பொத்தான்கள், 8 மட்டும் தேய்ந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளைப் பொத்தானை இரண்டு தரம் தட்டினார். "அப்ப உங்கட விலையில வற் இல்லைத்தானே. பதினெட்டு வீதத்தைக் கழிச்சு எண்பத்திரண்டாயிரம் தாறன்."

என் விலையில் வற் சேர்க்கவில்லை. ஆகவே அதிலிருந்து வற்றைக் கழிக்க வழியில்லை. இதை எப்படிச் சொல்லியும் ஐயாவுக்கு ஏறவில்லை. அவருடைய பிழையான வழியிலேயே போனாலும் கணக்கு உதைக்கும். வற் உள்ளடங்கிய ஒரு லட்சத்தில் வரி 15,254 ரூபாய்தான். 118ஆல் பிரித்து 18ஆல் பெருக்க வேண்டும். அவர் பிழைக்குள்ளே இன்னொரு 2,746 ரூபாய்க்குப் பிழை விட்டிருந்தார். கடைசியில் 95,000க்கு இணங்கினேன். விலை போடத் தெரிகிற அளவுக்கு எனக்குப் பேரம் பேச வராது.

ஐயா ஏமாற்றுக்காரர் அல்ல. பதிவுள்ள ஏஜென்சி ஒன்று அதே வேலைக்கு ஒரு லட்சமும் 18,000 ரூபாய் வற்றும் எழுதியிருந்தால், கடை அந்த 18,000ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும். கடைக்கு உண்மையான செலவு ஒரு லட்சம். என்னிடம் செய்தாலும் ஒரு லட்சம். வித்தியாசமே இல்லை. ஆனால் அவருடைய கணக்கு மென்பொருளில் வரிப் பட்டியல் இலக்கத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. என் பில்லுக்கு அது வெறுமையாகக் கிடக்கிறது. வெறுங் கட்டத்தைக் கண்டால் கணக்காளருக்குக் கை துறுதுறுக்கும்.

இன்னும் ஒன்று அவருக்குத் தெரியாது. என் தொலைபேசிக் கட்டணத்தில் 18 வீத வற் இருக்கிறது. அச்சகத்தில் வாங்கும் பில் புத்தகத்தில் இருக்கிறது. பதிவில்லாதவன் என்பதால் அவற்றை யாரிடமும் மீளக் கோர முடியாது. செலவோடு செலவாக என் விலைக்குள் புகுந்துவிடுகின்றன. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கும் வற் வருகிறது. 2025 அக்டோபர் என்றார்கள், பிறகு 2026 ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். வந்தால் ஹோஸ்டிங்கும் சந்தாக்களும் அதே கணக்கில் சேரும். ஆக என் பில்லில் வற் இல்லை. என் விலையில் இருக்கிறது. அதைக் கட்டியவனும் நான், "வற் இல்லைத்தானே" என்று விலை குறைக்கப்படுபவனும் நான்.

விகிதம் மாறுவதைப் பற்றி ஒரு சின்னக் கதை. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரிக்கு ஒன்லைன் ஓடர் எடுக்கும் பக்கம் செய்துகொடுத்திருந்தேன். 2019 டிசம்பரில் வற் 15இலிருந்து 8க்கு இறங்கிய கையோடு செய்த வேலை அது. சோம்பலில் விகிதத்தைக் கோடுக்குள்ளேயே 0.08 என்று எழுதிவிட்டேன், ஐந்து இடத்தில். 2022 ஜூன் 1ஆம் திகதி 12 ஆயிற்று. உட்கார்ந்து ஐந்தையும் மாற்றி ஒரு சிறு பில் அனுப்பினேன். செப்டெம்பர் 1ஆம் திகதி 15 ஆயிற்று. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது பில் அனுப்ப வெட்கமாக இருந்தது. அந்த முறை காசு வாங்காமல், விகிதத்தை அவர்களே மாற்றிக்கொள்ள ஒரு பெட்டி வைத்துக்கொடுத்தேன். 2024 ஜனவரியில் 18 வந்தபோது முதலாளியின் மகன் தானே மாற்றிவிட்டு எனக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். நல்ல வேலை செய்தால் வருமானம் குறையும் தொழில் இது.

விகிதத்தைவிட என்னைத் தொடுவது எல்லை. பதிவுக்கான வருடப் புரள்வு 2019 வரை 12 மில்லியன். 2020இல் ஒரே பாய்ச்சலில் 300 மில்லியன். 2022 அக்டோபரில் 80, 2024இல் 60. ஒன்பது நாளுக்கு முன் வாசித்த பாதீட்டில், வரும் ஏப்ரல் 1 முதல் 36 மில்லியன் என்று முன்மொழிவு, எஸ்.எஸ்.சி.எல். என்று எல்லாரும் சொல்லும் சமூகப் பாதுகாப்பு அறவீட்டுக்கும் அதே எல்லை. இதைக் கேட்டதும் நண்பர் ஒருவர், "உனக்கென்ன, நீ மூன்றரைக் கோடியை இந்தப் பிறவியில் காணப்போவதில்லை" என்றார். உண்மைதான். ஆனால் என் வாடிக்கையாளர்கள் காண்பார்கள். 36 மில்லியனை 365ஆல் பிரித்தால் நாளுக்கு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. காலி வீதியில் ஓரளவு ஓடும் ஹாட்வெயார் கடைக்கு அது பெரிய வியாபாரம் அல்ல.

இதுவரை இப்படிப்பட்ட கடைகள்தான் என்னைத் தேடி வந்தன. பதிவில்லாத கடை பதிவுள்ள ஏஜென்சியிடம் போனால் 118,000 கொடுத்து, அந்த 18,000ஐ மீளக் கோரவும் முடியாது. என்னிடம் ஒரு லட்சத்தோடு முடிந்தது. ஏப்ரலில் அந்தக் கடைகளும் பதிவுக்குள் போகும்போது ஆளுக்கொரு கணக்குப்பிள்ளை வருவார், ஆளுக்கொரு வெறுங் கட்டம் வரும், ஆளுக்கொரு கல்குலேற்றர் வரும். எல்லையைக் குறைப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. 300 மில்லியனாக்கிய ஊதாரித்தனத்தின் பில்லைத்தான் நாடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். எல்லைக்குக் கிட்டவும் போகாதவன் மீதும் அது விழுகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

இனி அந்த 5 வீதம். கொழும்பு 13இல் ஒரு நிறுவனத்துக்கு 120,000 ரூபாய்க்கு வேலை செய்தேன். 114,000 வங்கிக்கு வந்தது. 6,000 பிடித்தது சட்டப்படி சரி. என் வருமான வரிக்கு அது முற்பணம். பிடித்ததற்குச் சான்றிதழ் தர வேண்டும் என்பதும் சட்டந்தான். அதற்காக 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கொட்டாஞ்சேனை என்று மூன்று தரம் போனேன். முதல் தரம் கணக்காளர் லீவு. இரண்டாம் தரம் பிளேன்டீ தந்தார்கள். மூன்றாம் தரம் என் பில்லின் போட்டோக்கொப்பியின் பின்பக்கத்தில் "5% வெட்டப்பட்டது" என்று எழுதி, றப்பர் முத்திரை குத்தி, "இது போதுந்தானே தம்பி" என்று தந்தார்கள். டின் என்கிற வரி அடையாள இலக்கம் என்னுடையதும் இல்லை, அவர்களுடையதும் இல்லை. அந்த 6,000 அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா, அவர்களுடைய லாச்சியிலேயே தூங்குகிறதா என்று அந்தத் தாளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

ஐந்நூறு ரூபாய் எடுத்தால் வங்கி மறுநிமிடம் குறுஞ்செய்தி அனுப்புகிறது. என் டின் இலக்கத்தின் பேரில் ஒருவர் வரி கட்டினால், இன்னார் இவ்வளவு கட்டினார் என்று என் தொலைபேசிக்கும் ஒரு செய்தி வரட்டும். அதற்குப் பிறகு நான் பிளேன்டீ குடிக்கப் போகத் தேவையில்லை.

எனக்காவது கட்டுகிற வரியில் அதைக் கழிக்கலாம். என்னிடம் வேலை பழகிய ஒரு பிள்ளை இப்போது கொட்டாஞ்சேனையில் தனியாகச் செய்கிறாள். அவளுடைய வருடக் கணக்கை நான்தான் பார்த்துக்கொடுத்தேன். பில் போட்டது 24 லட்சம், செலவு 7 லட்சம், மிச்சம் 17 லட்சம். இந்த ஏப்ரலிலிருந்து தனிநபர் விலக்கு 18 லட்சம். இந்த வருடமும் அதே கணக்கென்றால் அவள் ஒரு சதமும் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் 18 லட்சம் பெறுமதியான பில்கள் லட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் பிடிக்கும் 5 வீதம் 90,000 ரூபாய். 2025 ஏப்ரலில் பிடித்த காசுக்கான விபரத்திரட்டை நிரப்பக் கடைசி நாள் 2026 நவம்பர் 30. அதன் பிறகுதான் மீளளிப்பு என்ற பேச்சு. 5 வீதம் என்பது கேட்கச் சின்னது. அது வருமானத்தில் அல்ல, பில்லின் முழுத் தொகையில் பிடிபடுகிறது என்பதுதான் வலி. டொலருக்குக் கொடுத்த ஹோஸ்டிங் காசுக்கும் சேர்த்தே அவள் வரி முற்பணம் கொடுத்திருக்கிறாள்.

வட்டிக்கு உங்களிடம் இதற்கு வழி இருக்கிறது. வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் வங்கிக்கு ஒரு சுய பிரகடனம் கொடுத்து, 10 வீதப் பிடிப்பிலிருந்து விலகலாம். நிலையான வைப்பு வைத்திருக்கும் ஓய்வூதியரின் சொல்லை நம்பும் அரசு, இருபத்தாறு வயதில் தானாகத் தொழில் தொடங்கிய பிள்ளையின் சொல்லையும் நம்பலாம். அதே படிவத்தைச் சேவைக் கட்டணத்துக்கும் விரித்துத் தாருங்கள்.

லண்டனில் உள்ள சாப்பாட்டுக் கடைக்கு நான் வெப்சைட் செய்து, காசை வெளிநாட்டு நாணயமாக வங்கிவழி கொண்டுவந்தால் எனக்கு வரி 15 வீதத்துக்கு மேல் ஏறாது, வற்றும் சுழியம். வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைக்குச் செய்தால் 36 வரை ஏறும். நாட்டுக்கு டொலர் வேண்டும், காரணம் புரிகிறது. .இலங்கை என்று தமிழிலேயே டொமைன் வாங்கலாம். அதன் கீழ் நல்ல தமிழ் வெப்சைட் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு எண்களையும் சொல்வதுண்டு. அது உங்கள் மேசையில் தீரும் விஷயமல்ல, நிதி அமைச்சின் மேசைக்குரியது. விட்டுவிடுகிறேன்.

உங்கள் மேசையில் தீரக்கூடியது இன்னொன்று. ஒரு தாள். தமிழிலும் சிங்களத்திலும், உங்கள் திணைக்கள முத்திரையோடு: வற் பதிவில்லாதவர் வற் அறவிடக் கூடாது, ஆகவே அவருடைய பில்லிலிருந்து வற் என்று எதையும் கழிக்க முடியாது, பதிவில்லாதவரிடம் வாங்கிய சேவையும் செல்லுபடியான செலவே, 5 வீதம் பிடித்தால் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான், நாலு வரி. சுற்றறிக்கை நடையில் வேண்டாம். நிறுத்திவைத்தல் வரி என்றால் என் வாடிக்கையாளர்கள் யாருக்கும் தெரியாது, "ஃபைவ் பெர்சென்ட்" என்றால்தான் தெரியும். நான் அதை லமினேற் செய்து கொட்டேஷன் ஃபைலுக்குள் வைத்துக்கொள்வேன்.

வெள்ளவத்தை ஐயா ஜனவரியில் பொங்கல் விற்பனைக்கு ஒரு புதுப் பக்கம் வேண்டும் என்று கொட்டேஷன் கேட்டிருக்கிறார். 14 நாள் கணக்கு, நான் கொட்டேஷனைக் கொடுக்கும் அன்றைக்குத்தான் தொடங்கும். அதற்கு முன் அந்தத் தாள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கல்கிசையிலிருந்து ஒரு வெப்சைட்காரன்