அட்டையில் அச்சாகாத பாஸ்பரஸ்

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களிடம் உப்பைக் குறைக்குமாறு கூறினால் குடும்பத்தார் உடனே புரிந்துகொள்கின்றனர். உப்பு நாவிற்குத் தெரியும். ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் ஒதுக்கிவிடலாம். பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்லும்போதோ, பலர் முதலில் பருப்பையே நிறுத்திவிடுகின்றனர். இது சரியன்று என்பது எங்கள் கருத்து.

பருப்பிலும் பயறிலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்னும் வடிவில் பிணைந்துள்ளது. அதைப் பிரிக்கும் நொதி நம் குடலில் போதிய அளவு இல்லாமையால், பாதிக்கும் குறைவாகவே உடலில் சேர்கிறது. தொழிற்சாலைகளில் சேர்க்கப்படும் சோடியம் பாஸ்பேட் உப்புகளோ நீரில் எளிதில் கரைபவை. அவற்றின் பாஸ்பரஸில் ஏறத்தாழ 90 விழுக்காடு இரத்தத்தை அடைகிறது. பதப்படுத்திய சீஸில் கொழுப்புப் பிரியாதிருக்கவும், உறையவைத்த இறாலும் இறைச்சியும் நீரைத் தக்கவைக்கவும், கேக் உப்பவும் இவை பயன்படுகின்றன. ஒரே பொருளில் சோடியமும் பாஸ்பரஸும் சேர்வதால் நோயாளிக்கு இது இரட்டைச் சுமை. கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு.

மிகுதியான பாஸ்பரஸ் எலும்பை நலிவிக்கிறது. இரத்தக் குழாய்ச் சுவர்களில் கால்சியம் படிய வழிவகுக்கிறது. உடலின் பாஸ்பரஸில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் உள்ளது. எஞ்சியது எலும்பிலும் உயிரணுக்களிலும் தங்கியுள்ளது. ஆகவே வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்தாலும் உண்டது முழுவதும் நீங்குவதில்லை.

நம் நாட்டில் பொட்டல உணவின் சத்து அட்டவணையில் சோடியத்தின் அளவை அச்சிடுவது கட்டாயம். பாஸ்பரஸுக்கு அக்கட்டாயம் இல்லை. நலமுடையோரின் சிறுநீரகம் மிகுந்ததை வெளியேற்றிவிடும், பிறகு எதற்கு என்று கேட்கலாம். வெளியேற்ற இயலாதவர்களும் அதே கடையில்தான் வாங்குகின்றனர். அட்டவணையில் ஒரு வரி கூடுவதால் உற்பத்தியாளருக்குப் பெரிய இழப்பில்லை. அவ்வரி இல்லாமையால் நோயாளிக்கு இழப்புண்டு. அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். ‘பாஸ்பேட்’ என்று முடியும் பெயர்களும், 338 முதல் 341 வரையிலும் 450 முதல் 452 வரையிலும் உள்ள எண்களும் இவ்வகையைக் குறிப்பவை, அவற்றைத் தவிருங்கள். பாஸ்பரஸைப் பிணைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால் உணவோடு சேர்த்தே உட்கொள்ளுங்கள். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும்; மருத்துவரைக் கேளாமல் அதற்கு மாறாதீர்கள். பருப்பின் அளவையும் எங்களிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.