மேடை இருக்கிறது, எழுத்து எங்கே?

எங்கள் பகுதியில் இலக்கிய அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஒரே ஊரில் மூன்று நான்கு கூட இருக்கின்றன. பேரவை, மன்றம், ஒன்றியம், வட்டம் என்று பெயர்கள்தான் வேறு. இவற்றில் எத்தனை அமைப்புகளில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் கையிலெடுத்து வாசித்து, "இந்த இடம் சரியில்லை, திரும்ப எழுதுங்கள்" என்று சொல்கிறார்? இதுவே என் கேள்வி. சக எழுத்தாளர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

அமைப்பொன்று எப்படிப் பிறக்கிறது என்பதை நாம் அறிவோம். முதற் கூட்டத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர்கள், ஆலோசகர்கள் தெரிவு. பதினைந்து பேரில் பதவியில்லாதவர் இருவர் மிஞ்சினால் அதிசயம். அடுத்து இறப்பர் முத்திரை, கடிதத்தலைப்பு. அதற்கடுத்து ஒரு நூல் வெளியீட்டு விழா. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், நயவுரை, ஏற்புரை, நன்றியுரை என்று மூன்று மணித்தியாலம் போகும். முதற் பிரதியை ஊரின் ஹாஜியார் ஒருவர் பெற்றுக்கொள்வார். நயவுரை சொல்பவர் முன்னுரையையும் பின்னட்டையையும் வாசித்துவிட்டு வந்திருப்பார். பொன்னாடையோடு எல்லோரும் படம் பிடித்துக்கொள்வார்கள். சொந்தக் காசில் அச்சடித்த முந்நூறு பிரதிகளில் மிச்சமானவை எழுதியவரின் கட்டிலுக்கடியில் கறையானுக்குக் காத்திருக்கும். அந்த நூல் அச்சுக்குப் போகுமுன் அதிலுள்ள ஒரு கவிதையையாவது அந்த அமைப்பு கூடியிருந்து வாசித்ததா? இல்லை.

நான் கிராமத்துப் பாடசாலையொன்றின் தமிழாசிரியன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவன். பல்கலைக்கழக விமர்சகர்களின் மொழி எனக்கு வராது. ஆனால் பத்து வருடங்களுக்கு மேலாக எங்கள் ஊரில் ஒரு எழுத்து வட்டம் நடக்கிறது. அதற்குத் தலைவரில்லை, முத்திரையில்லை, மேடையில்லை. போயா தினத்தில் அஸர் தொழுகைக்குப் பின் கூடி, மஃரிப் பாங்குக்கு முன் கலைகிறோம். போயாவில் பாடசாலையில்லை, அலுவலகமில்லை. பொழுதிருக்கும்போதே கலைவதால் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவதில்லை.

வட்டத்தின் முறை எளியது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் உரத்து வாசிப்பார். எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். எந்த இடத்தில் கவனம் சிதறியது? எந்தச் சொல் இரவல் சொல்? எதைச் சொல்ல வந்து சொல்லாமல் விட்டிருக்கிறார்? அடுத்த போயாவுக்கு அதையே திருத்தி எழுதிக்கொண்டு வரவேண்டும். இவ்வளவுதான். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டபோதும் இது நிற்கவில்லை. பழைய அப்பியாசக் கொப்பிகளின் மிச்சத் தாள்களில் எழுதினோம். எழுத வராதவர்கள் வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினார்கள், பிள்ளைகள் கேட்டு எழுதினார்கள்.

இதனால் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி, அதுவும் ஒரு போயா தினம், கடல் எங்கள் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளுக்குக் கணக்கில்லை. கடல் அரக்கனானதும், அலை கோரத் தாண்டவமாடியதும் எல்லாக் கவிதைகளிலும் வரும். எங்கள் வட்டத்துக்கு வரும் தாயொருவரும் முதலில் அப்படித்தான் எழுதினார். "இது உங்கட சொல்லில்ல ராத்தா, பேப்பர்ல வந்த சொல்" என்று ஒரு பிள்ளை சொன்னது. நான்காவது தடவை எழுதியபோதுதான் அந்த விடயம் வந்தது. ஓடும்போது அவர் கையில் அலுமாரித் திறப்பு இருந்திருக்கிறது. மூன்று நாட்கள் அகதி முகாமில் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அலுமாரியுமில்லை, வீடுமில்லை. அரக்கனைப் பற்றி யாரும் எழுதலாம். அந்தத் திறப்பைப் பற்றி அவர் மட்டுமே எழுத முடியும். மேடைக்கு முதற் பிரதியே போதும். அந்தத் திறப்பு வெளியே வர நான்காம் பிரதி தேவைப்பட்டது.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் வைக்கப்படுகின்றன.

இலக்கணம் தெரியாதவர்களுக்கு எழுத்து எதற்கு என்பது முதலாவது. இதைச் சொல்பவர்களில் பலர் என் தொழிலைச் சேர்ந்தவர்கள். தமிழ்மொழித் தினப் போட்டி பாடசாலையில் தொடங்கி அகில இலங்கை மட்டம் வரை போகிறது. நல்ல ஏற்பாடு, அதனால் வெளிச்சத்துக்கு வந்தோர் பலர். ஆனால் வலயத்தில் வெல்லவேண்டும் என்ற அவசரத்தில் நாம் பிள்ளைக்கு மனனமாக்கக் கொடுப்பது நாம் எழுதிய கட்டுரையை. பிள்ளை பேசும் தமிழைச் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு, எங்கள் தமிழை அதன் வாயில் வைக்கிறோம். கிழக்கில் எழுத்தறியாத பெண்கள் வயலிலும் வாசலிலும் கவி கட்டினார்கள். எந்த இலக்கண நூலைப் படித்துக் கட்டினார்கள்? பிழை திருத்துவது பிறகு செய்யும் வேலை. முதலில் சொல்ல ஒன்று இருக்கவேண்டும்.

கதை பொய், மார்க்கத்துக்கு ஆகாது என்பது இரண்டாவது. 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' எழுதிய சித்திலெப்பை, 'அஸ்ராறுல் ஆலம்' என்ற மெய்ஞ்ஞான நூலையும் எழுதியவர். அவருக்கு மார்க்கம் தெரியாதா? எங்கள் மூத்தம்மாமார் மாலைகளையும் முனாஜாத்துகளையும் வீட்டில் கூடியிருந்து ஓதிய காலம் ஒன்றிருந்தது. ஊர் மானம் போகும் என்ற பயத்துக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டக்கூடாது.

"பெண்கள் வருவதில்லையே" என்பது மூன்றாவது. இரவு எட்டு மணிக்குச் சந்தியிலுள்ள கடை மாடியில் கூட்டம் வைத்தால் யார் வருவார்? எங்கள் வட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். கலியாணத்தோடு எழுத்தை விட்டவர்கள் கைக்குழந்தையோடு திரும்பி வந்திருக்கிறார்கள். நேரத்தையும் இடத்தையும் மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை, மனம்தான் வேண்டும்.

பட்டங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கலாபூஷணம் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு கொடுப்பது. நமது அமைப்புகளுக்கு அந்தப் பொறுமையுமில்லை. அயலூர் அமைப்பொன்று எங்கள் வட்டத்துப் பிள்ளையொருவருக்கு இரண்டு கவிதை பத்திரிகையில் வந்ததும் பட்டமும் சான்றிதழும் கொடுத்தது. பதினாறு வயது. அதன்பின் அந்தப் பிள்ளை எதையும் திருத்தி எழுத ஒப்பவில்லை. பட்டம் பெற்றவர் ஏன் திருத்தவேண்டும்? ஒரு வருடத்தில் எழுதுவதே நின்றுபோனது. பொன்னாடை போர்த்துவதும் சிலவேளை கபனிடுவதுதான்.

இதை நான் சண்டைக்காகச் சொல்லவில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்ததை, அதே வருடம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்ததைக் கண்டவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். 2020இல் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை அந்த வீட்டார்தான் சொல்லமுடியும். கிராமத்து எழுத்தாளர்களுக்குக் களம் கொடுத்த 'மல்லிகை' 1966இல் தொடங்கி 2012இல் நின்றுபோனது. இனி யாராவது வந்து நம் கதையை எழுதுவார்கள் என்று காத்திருக்கமுடியாது. வீட்டார் எழுதவேண்டும், அதை வாசித்துக் குறை சொல்ல ஊரில் பத்துப் பேர் வேண்டும்.

அமைப்புகளை நடத்தும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு வருடத்துக்கு மேடை போடாதீர்கள். அந்தச் செலவில் போட்டோப் பிரதி எடுத்து, ஒருவர் எழுதியதை எல்லோர் கையிலும் கொடுங்கள். கலாசார உத்தியோகத்தர்களே, அறிக்கையில் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையோடு திருத்தி எழுதப்பட்ட பிரதிகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். சஞ்சிகை ஆசிரியர்களே, ஆக்கத்தைப் பிரசுரிக்காவிட்டால் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். கிராமத்தில் இருப்பவருக்கு அந்த இரண்டு வரி, பட்டத்தைவிடப் பெரிது.

இதை வாசித்துக் கோபம் வருபவர்கள் தாராளமாக மறுப்பு எழுதலாம். அனுப்புமுன் ஊரில் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துத் திருத்தி அனுப்புங்கள்.