கல்லூரிக்குள் பட்டாளம்: விரட்டினால் யாருக்கு நஷ்டம்?

1970 மே 2-ந் தேதி, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் உள்ள கென்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய மரக் கட்டிடம் பற்றி எரிந்தது. சுற்றி நின்ற கூட்டம் ஆரவாரம் செய்தது. அணைக்க வந்த தீயணைப்புப் படையின் தண்ணீர்க் குழாயைக்கூட வெட்டிப் போட்டார்கள்!

அது, மாணவர்களைப் பட்டாள அதிகாரிகளாகத் தயார் செய்யும் 'ஆர்.ஓ.டி.சி.' கட்டிடம். வியட்நாம் சண்டையைக் கம்போடியாவுக்கும் கொண்டு போய்விட்டார்களே என்ற ஆத்திரம் மாணவர்களுக்கு.

4-ந் தேதி பகலில் தேசியக் காவல் படை சுட்டது. 13 வினாடியில் 67 குண்டுகள். 4 மாணவர்கள் பலி. 9 பேர் காயம்.

செத்தவர்களில் 19 வயதுப் பையன் ஒருவன் யார் தெரியுமா? அதே ஆர்.ஓ.டி.சி.யில் பயிற்சி பெற்று வந்தவன்!

என்ன பயிற்சி?

1862-ல் லிங்கன் ஜனாதிபதியாக இருந்தபோது ஒரு சட்டம் வந்தது. சர்க்கார் நிலம் பெறும் கல்லூரிகள் விவசாயம், இயந்திரத் தொழிலோடு படைப் பயிற்சியும் சொல்லித்தர வேண்டும் என்றது. 1916-ல் அதுவே ஆர்.ஓ.டி.சி. ஆனது.

பையன் எல்லோரையும் போலக் கல்லூரியில் படிப்பான். விடிகாலையில் ஓட்டம், தேகப் பயிற்சி. வாரத்தில் சில மணி நேரம் ராணுவப் பாடம். கோடையில் முகாம். பட்டம் வாங்கும்போது செகண்ட் லெப்டினென்ட் ஆகிவிடுவான். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் பீஸை சர்க்கார் கட்டும். பதிலுக்குச் சில வருஷம் படையில் வேலை பார்க்க வேண்டும். இப்போது பெண்களும் சேருகிறார்கள்.

அமெரிக்கத் தரைப்படைக்கு அதிக அதிகாரிகள் வருவது பேர்போன வெஸ்ட் பாயின்ட் அகாடமியிலிருந்து அல்ல. இந்தக் கல்லூரிகளிலிருந்துதான்.

கதவு சாத்தியது

"கேள்வி கேட்கச் சொல்லித்தரும் இடம் கல்லூரி. கேட்காமல் கீழ்ப்படி என்பது பட்டாளம். இரண்டும் ஒரே இடத்தில் எப்படி?" என்பது எதிர்ப்பவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

1969-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஓட்டுப் போட்டு இந்தப் பயிற்சிக்கு ஆப்பு வைத்தார்கள். அதனால் சண்டை நின்றதா? இல்லை. பயிற்சி வேண்டிய ஹார்வர்டு மாணவர்கள் பிற்காலத்தில் பக்கத்தில் உள்ள எம்.ஐ.டி.க்கு நடையாய் நடந்தார்கள். 2011-ல்தான் ஹார்வர்டு மறுபடி கதவைத் திறந்தது.

நியூயார்க் சிட்டி காலேஜ் கதை இன்னும் மோசம். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் படித்த இடம் அது. ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் காலின் பாவெல் அங்கேதான் பயிற்சி பெற்று 1958-ல் அதிகாரியானார். 1989-ல் முப்படைத் தளபதிகள் குழுவுக்கே தலைவரானார். ஆனால் 1972-ல் அங்கே பயிற்சி மூடப்பட்டது. மறுபடி வந்தது 2013-ல்! நடுவில் போன 41 வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த ஏணி இல்லாமல் போயிற்றோ!

நம் ஊரில்

இங்கே 1948 முதல் என்.சி.சி. இருக்கிறது. காக்கிச் சட்டை உண்டு, பரேடு உண்டு. ஆனால் கல்லூரியிலேயே யாரும் அதிகாரி ஆகிவிட முடியாது. 'சி' சர்டிபிகேட் வைத்திருக்கும் பட்டதாரிக்கு எழுத்துப் பரீட்சை இல்லாத தனி வழி உண்டு. அதில் தேறினாலும் பரங்கிமலை அகாடமிக்குள் போய்த்தான் அதிகாரியாக வர வேண்டும்.

கல்லூரியில் படித்தவன் எல்லாம் நல்ல அதிகாரி என்று யாரும் கையெழுத்துப் போட்டுத்தர முடியாது. ஆனால் ஒன்று. துப்பாக்கிக்கு உத்தரவு போடப் போகிறவன் நாலு பேரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்க்கட்சி வாதத்தையும் காதில் வாங்கியவனாக இருந்தால், ஊருக்கு அது கொஞ்சம் பாதுகாப்பு.

கட்டிடத்தைக் கொளுத்துவது ஒரு ராத்திரி வேலை. விரட்டியதைத் திரும்ப அழைக்க 40 வருஷம் பிடித்தது!